கடலோர சர்வர் ரூமில் பேட்ச் பேனல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு வடக்கே தொண்டி, கிழக்கே ராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி என்று பைக்கில் சுற்றி நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். லாட்ஜ், ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், ஸ்கேன் சென்டர், இறால் கம்பெனி என்று இடம் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

பேட்ச் பேனல் என்றால் என்ன?

முன்பக்கம் வரிசையாக ஆர்ஜே45 துளைகள் (நெட்வொர்க் பிளக் நுழைபவை), பின்பக்கம் வயரைக் குத்தி இறக்கும் பல்வரிசை. அவ்வளவுதான். அதற்குக் கரண்ட் வேண்டாம், விளக்கு எரியாது, உள்ளே புத்தி எதுவும் கிடையாது. சுவருக்குள்ளிருந்து வரும் வயர் அதன் முதுகில் வந்து முடிந்துவிடும். முன்னாலிருந்து பேட்ச் கார்டு என்ற ஒரு சின்ன இணைப்பு வயர், எல்லா வயரையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குப் போகும். வழக்கமான 24 போர்ட் (துளை) பேனல், இவற்றையெல்லாம் மாட்டும் சட்டமான ராக்கில் 1யு உயரம், அதாவது 44.45 மில்லிமீட்டர் பிடிக்கும். அகலம் 19 அங்குலம்.

நேராக ஸ்விட்சிலேயே குத்தினால் வேலை செய்கிறதே, இது எதற்கு வெட்டிச் செலவு?

இதைக் கேட்காத முதலாளி கிடையாது. கீழக்கரையில் ஒரு கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பேனலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல என்ன தம்பி இருக்கு, வெறும் ஓட்டைதானே?” என்றார். “ஓட்டைதான் காக்கா, ஆனா தேயறது எதுன்னு பாருங்க” என்றேன்.

ராமேஸ்வரம் ஜெட்டியில் விசைப்படகு ஓரத்தில் பழைய டயர் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படகு தேய்வதற்குப் பதில் டயர் தேயட்டும் என்று. பேட்ச் கார்டு அந்த டயர் மாதிரி. சுவருக்குள் போகும் வயரில் ஒவ்வொரு இழையும் ஒற்றைச் செம்புக் கம்பி. அதை ஆட்டி ஆட்டி வளைத்தால் உள்ளே முறியும். பேட்ச் கார்டுக்குள் இருப்பது மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி, வளைத்தால் தாங்கும். நேராக ஸ்விட்சில் செருகினால், ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் அடிபடுவது சுவர் வயர். கிளிப் உடையும், வெட்டிவிட்டுப் புதுப் பிளக்கை அமுக்கிப் பொருத்துவோம் (கிரிம்ப்), வயர் இரண்டு அங்குலம் குறையும். நாலாவது தடவை ஸ்விட்சுக்கு எட்டாது. அப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான். பேனல் இருந்தால் சுவர் வயரை ஒரே ஒரு தடவைதான் தொடுவோம். கெட்டால் கெடுவது பேட்ச் கார்டு. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு செருகுங்கள்.

எத்தனை பாயிண்ட் (வயர் போய்ச் சேரும் இடம்) இருந்தால் பேனல் போடலாம்?

நாலு கேமரா, ஒரு பில்லிங் கம்ப்யூட்டர் என்றால் வேண்டாம். எட்டைத் தாண்டினால் போடுங்கள். எண்ணும்போது இன்றைய கணக்கோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 38 பாயிண்ட் உள்ள லாட்ஜுக்கு 24 போர்ட் பேனல் இரண்டு, பத்து போர்ட் சும்மா கிடக்கும். அடுத்த வருஷம் மாடி எழுப்பும்போது அந்தப் பத்தும் போதாது.

கடல் காற்றுக்கும் நெட்வொர்க் வயருக்கும் என்ன சம்பந்தம்? வயர்தான் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறதே?

வயர் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது, முனை இல்லை. இந்த ஊரில் உலோகம் என்ன பாடு படும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914ல் திறந்த பழைய பாலத்துக்குத் துருவோடு போராட்டம் ஓயவே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. அத்தனை தடிமன் இரும்புக்கே அந்தக் கதி என்றால், ஆர்ஜே45 பின் மேல் இருக்கும் தங்கப்பூச்சு எம்மாத்திரம்? நல்ல ஜாக்கில் 50 மைக்ரோ இன்ச், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. மட்டமான பிளக்கில் பெயருக்கு ஒரு மினுக்கு.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். விடியற்காலை நாலு மணிக்கு மேல் மூன்று கேமரா படுத்துவிடும், ஒன்பது மணி வெயில் ஏறியதும் தானாக எழுந்துகொள்ளும். கேமராவை மாற்றினார்கள், கேமராப் படத்தைப் பதியும் என்விஆரை மாற்றினார்கள், சரியாகவில்லை. ஸ்விட்ச் மாடிப்படிக்கு அடியில், கதவில்லாத ஒரு பொந்தில் இருந்தது. பேனல் கிடையாது, நேராகச் செருகல். ஒரு பிளக்கை உருவி போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுப் பின்னில் ஆறு பளபளவென்று இருக்கின்றன. நடுவில் நாலும் ஐந்தும் மட்டும் பாசி பிடித்த மாதிரி பச்சை. வயருக்குள் எட்டு இழையும் நாலு ஜோடியாக முறுக்கியிருக்கும், இது நீல ஜோடி.

ஏன் அந்த ஜோடி மட்டும்? அந்த வகை பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் வயரிலேயே கேமராவுக்குக் கரண்டும் அனுப்புவது) 4, 5 பின்னில் பிளஸ், 7, 8 பின்னில் மைனஸ் அனுப்புகிறது. கிட்டத்தட்ட 48 வோல்ட் டிசி. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது சின்னதாக ஒரு மின்முலாம் தொட்டி. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். விடியற்காலையில்தான் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், கேமராவும் அப்போதுதான் படுக்கும். யாரும் சூனியம் வைக்கவில்லை.

பேனலின் பின்பக்கம் இந்தத் தொல்லை குறைவு. பஞ்ச் செய்யும்போது, அதாவது டூலால் வயரைக் குத்தி இறக்கும்போது, அந்தப் பல் பிளாஸ்டிக்கைக் கீறிச் செம்பை இறுக்கிக் கடித்துவிடுகிறது. கடித்த இடத்தில் காற்று புக வழியில்லை. முன்பக்கத் துளைதான் திறந்து கிடக்கும். அதில் தேய்வதையும் பூப்பதையும் பேட்ச் கார்டு தலையில் கட்டிவிடலாம். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையல் உப்பு காற்றில் சுமார் 75 சதவீத ஈரப்பதம் வந்தால் தண்ணீர் விடும். கடலுப்போடு கலந்துவரும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரம் இழுத்துக்கொள்ளும். பகலெல்லாம் ஏசியில் குளிர்ந்த ராக், ராத்திரி ஏசி நின்று கதவைத் திறந்ததும் ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி வேர்க்கும். நாளுக்கு ஒரு தடவை வேர்வை, மேலே உப்பு. இதைவிட வேறென்ன கெடுதல் வேண்டும்?

கரண்ட் பில்லுக்குப் பயந்தால் 26 டிகிரியில் வைத்து விடாமல் ஓட்டுங்கள். 18ல் வைத்துப் பகலில் மட்டும் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை ராக் மேல் வைத்துவிடலாம். அறையை அமைக்கும்போதே கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தால் சிலிக்கான் போட்டு அடைத்துவிடுங்கள். “காற்றோட்டமா இருக்கட்டும்” என்று சர்வர் ரூம் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் இந்தக் கரையில் நிறைய. கொண்டல் காற்று மனிதனுக்கு சுகம், ராக்குக்கு விஷம்.

கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா, 6ஏ வேண்டுமா?

இவை வயரின் தர வகைகள். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. பழைய 5இ நல்ல நிலையில் இருந்தால் பிடுங்க வேண்டாம், அதிலேயே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் போகும். பத்து ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6ல் சாதகமான சூழலில் 55 மீட்டர், 6ஏ என்றால் முழு 100 மீட்டர். இங்குள்ள லாட்ஜுக்கும் பள்ளிக்கும் 6ஏ வீண் செலவு. வயர் தடிமன், வளைக்கவும் கஷ்டம். ஒன்று மட்டும் கவனம்: பேனல், ஜாக், பேட்ச் கார்டு எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். கேட் 6 வயர் இழுத்து 5இ பேனலில் குத்தினால் கிடைப்பது 5இ.

மலிவு வயர் ஒரு பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது பெரும்பாலும் சிசிஏ. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். நாலு விதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எடுத்துப் பஞ்ச் செய்தால் சீக்கிரம் முறியும், மின்தடை அதிகம், பிஓஇ கொடுத்தால் சூடாகும், கடைசியாக நம் ஊர் உப்பில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் முனை அரித்துப் பொடியாகும். கட்டமைப்பு கேபிளுக்கான எந்தத் தர விதியும் இதை ஏற்பதில்லை, பெட்டி மேல் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினால் தக்கையாக இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், 50 மீட்டர் வயரில் ஒரு ஜோடியை மறுமுனையில் சேர்த்து முறுக்கிவிட்டு இந்த முனையில் ஓம் பாருங்கள். விதி அனுமதிப்பது 100 மீட்டர் கம்பிக்கு 9.38 ஓம். போய்த் திரும்பும் தூரம் 100 மீட்டர் என்பதால் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. நல்ல செம்பு அதற்கு நன்றாகக் கீழேயே நிற்கும். 12, 13 என்று காட்டினால் பில்லோடு கடைக்குப் போங்கள்.

இழைகளை அடுக்கும் கலர் வரிசை ஏ-யா, பி-யா?

எதுவானாலும் இரண்டு முனையிலும் ஒன்றே. நான் போடுவது டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். “ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா போதுமே, நம்ம இஷ்டத்துக்கு வரிசையா அடுக்கினா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. 3ம் பின்னும் 6ம் பின்னும் ஒரே ஜோடியாக வர வேண்டும். ஜோடி பிரிந்துவிட்டால் முறுக்கின் பலன் போய், ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் கேட்கும். எட்டு விளக்கு டெஸ்டரில் எல்லாம் சரி என்று காட்டும், நெட் மட்டும் நொண்டும்.

பஞ்ச் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மேலுறையை ஒன்றரை அங்குலம் மட்டும் உரியுங்கள். பிளேடு உள்ளே இருக்கும் இழையைத் தொடக் கூடாது. சின்னக் கீறல் பட்டாலும் ஒற்றைக் கம்பி பின்னால் அங்கேதான் முறியும். கேட் 6 என்றால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சிலுவையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஜோடியையும் அதற்குரிய பல்லுக்கு நேராகக் கொண்டுவந்த பிறகுதான் முறுக்கைப் பிரிக்க வேண்டும். பிரித்த நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுண்டுவிரல் நகம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இழையின் பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டாம், பல் அதைத் தானே கீறிக்கொள்ளும்.

அப்புறம் டூல். அதன் வெட்டும் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் நல்ல வயரை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குத்தி வைக்கும். நானும் தொழில் பழகும்போது ஒரு முழு வரிசையை அப்படி வெட்டியிருக்கிறேன். 110 வகை, குரோன் வகை என்று பிளேடு இரண்டு உண்டு. பேனலுக்கு ஏற்றதைப் போடுங்கள். ஸ்குரூடிரைவரால் அமுக்குபவர்களோடு பேசிப் பயனில்லை. “டக்” என்று ஒரு அழுத்து, அவ்வளவுதான். மூன்று தடவை அடித்தால் பல் விரிந்துவிடும்.

பின்பக்கக் கம்பியில் வயரைப் படியவைத்துக் கட்டுங்கள். எடை பல்லில் தொங்கக் கூடாது. வளைவு வயர் தடிமனைப்போல் நாலு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். கேட் 6க்குத் தோராயமாக ஒரு அங்குல ஆரம்.

ராக்கில் எதை எங்கே வைப்பது?

பேனல், கீழே ஸ்விட்ச், அதற்குக் கீழே பேனல் என்று மாற்றி மாற்றி. அரை மீட்டர் பேட்ச் கார்டே போதும், முகத்தில் தொங்கும் ஜடை இருக்காது. எல்லாப் பேனலையும் மேலே, எல்லா ஸ்விட்சையும் கீழே வைத்தால் நடுவில் ஒரு பனைநார்க் கட்டு உருவாகும், அதற்குள் கை விட்டால் வேறு ஏதோ பிடுங்கும். யுபிஎஸ் கனம், கீழே. ராக் தரையில் உட்காரக் கூடாது, புயல் மழையில் ரூமுக்குள் தண்ணீர் வரும். ஒரு அடி மேடை கட்டிவிடுங்கள். ராக்கோடு வரும் கேஜ் நட்டும் ஸ்குரூவும் இங்கே ஒரு வருஷத்தில் துருவேறி அசையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிப் போடுங்கள்.

லேபிள் எப்படி எழுதுவது?

ஆள் பெயரிலும் அறைப் பெயரிலும் எழுதாதீர்கள். “மேனேஜர் ரூம்” என்று ஒட்டிய இடத்தில் இப்போது இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, மேனேஜர் முதல் மாடிக்குப் போய்விட்டார். இடத்தின் எண் போடுங்கள்: 2-ஏ-07 என்றால் இரண்டாம் மாடி, ஏ பேனல், ஏழாவது போர்ட். அதே எண் சுவர்ப் பெட்டியிலும் வர வேண்டும், வயரின் இரண்டு முனையிலும் வர வேண்டும். ஆள் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளலாம், அது மாறலாம்.

ஸ்கெட்ச் பேனா எழுத்து ஆறு மாதம் தாங்காது. காகித ஸ்டிக்கர் ஈரத்தில் சுருண்டு கீழே விழுந்து கிடக்கும். மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ள லேபிள் டேப் வாங்குங்கள். போர்ட் பட்டியலை ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு ராக் கதவின் உட்பக்கம் தொங்கவிடுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால், நெட் படுத்த அன்று அந்தக் கம்ப்யூட்டருக்கும் போக முடியாது.

கேபிள் டையா, வெல்க்ரோவா?

வெல்க்ரோ. டையை இழுத்து முடுக்கினால் வயர் நசுங்கி உள்முறுக்கு கெடும், அவிழ்க்கக் கத்தி எடுத்தால் பக்கத்து வயரும் போகும்.

ஏற்கெனவே சிக்குப் பிடித்த ராக். வேலையை நிறுத்தாமல் மாற்ற முடியுமா?

முழுக்க நிறுத்தாமல் முடியாது, ஆனால் நிறுத்த நல்ல நாள் பார்க்கலாம். மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனிக்கு நான் சொல்வது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனியும் மந்தமாக இருக்கும். லாட்ஜ் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை பக்கமே போகாதீர்கள். பள்ளிக்கு மே மாதம்.

முதலில் ஒரு வயரையும் பிடுங்காமல் போட்டோ எடுங்கள். டோனர் (வயரில் சத்தம் அனுப்பித் தடம் பிடிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் தற்காலிக எண் ஒட்டுங்கள். வேலையில் பாதி இதுதான், இதைத் தாண்டிக் குதித்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழ வேண்டியிருக்கும். அப்புறம் பேனலை மாட்டி, ஆறு ஆறு வயராக வெட்டி, குத்தி, டெஸ்ட் செய்து, பேட்ச் கார்டு போட்டு, அந்த ஆறும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆறு. பழைய பிளக்கை வெட்டும்போது பச்சை பூத்த பகுதிக்கு மேலே, செம்பு மினுமினுக்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள். உறைக்குள் கறுப்பு ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. வயர் குட்டையாக இருந்தால் பேனலை மேலே தூக்குங்கள், வயரை ஒட்டுப் போட்டு நீட்ட வேண்டாம்.

வளாகத்தில் அடுத்த கட்டடத்துக்கு வயர் இழுக்கலாமா?

செம்பு வேண்டாம், ஃபைபர். 100 மீட்டர் எல்லை ஒரு காரணம். அதிலும் நிலைவயர் 90 மீட்டர்தான், மிச்சம் பத்து பேட்ச் கார்டுக்கு. பெரிய காரணம் இடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கு நடுவே வோல்டேஜ் ஏறி, செம்பு வழியாக இரண்டு பக்கத்து ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்விடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது, கண்ணாடி இழை உப்பில் அரிக்காது. ராக்கில் ஃபைபர் முனைகளை முடிக்கும் எல்ஐயு பெட்டி ஒரு 1யு பிடிக்கும். இரும்புக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் கவசத்தை எர்த் செய்ய மறக்காதீர்கள்.

மொட்டை மாடி கேமராவுக்குச் செம்புதான் வேண்டுமென்றால் கறுப்பு நிற வெளிப்புற வயர் போடுங்கள். உள்வேலைக்கான வயரின் உறை நம் வெயிலில் பொரிந்து உதிரும்.

ஷீல்டு வயர் போட்டால் நல்லதா?

உலோக உறை சுற்றிய அந்த வயர், எர்த் சரியாக இருந்தால் மட்டும் நல்லது. எர்த் இல்லாத ஷீல்டு ஒரு ஆன்டெனா. ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் மோட்டார் பக்கமாகப் போகும் வயருக்கு நான் போடுவேன், மற்ற இடத்தில் சாதா வயரைக் கரண்ட் வயருக்கு ஒரு அடி தள்ளி இழுத்தாலே போதும், குறுக்கே போக வேண்டுமென்றால் நேர்செங்குத்தாக. ராக்குக்கு எர்த் கட்டாயம். மணற்பாங்கான இடத்தில் மேல்மண் காய்ந்து கிடக்கும், எர்த் கம்பி ஈரம் தட்டும் ஆழம் வரை போக வேண்டும். உப்புத் தண்ணீர் அந்தக் கம்பியையும் தின்னும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

திடீரென்று மொத்த நெட்டும் படுத்துவிட்டது, ஸ்விட்ச் விளக்கெல்லாம் ஒரே தாளத்தில் மின்னுகிறது. என்ன ஆச்சு?

லூப். யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் ஒரே நெட்வொர்க்கில் செருகிவிட்டார்கள். பெருக்க வந்த அக்கா “தொங்குதே” என்று நல்ல எண்ணத்தில் செருகியதாகவும் இருக்கலாம். கடைசியாகத் தொட்டதைப் பிடுங்குங்கள். மேனேஜ்டு ஸ்விட்சில் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) ஸ்பேனிங் ட்ரீ என்ற லூப் தடுப்பு ஓடினால் தானே தடுத்துக்கொள்ளும். சும்மா தொங்கும் கார்டை ராக்கில் விட்டுவைக்காதீர்கள்.

கேமரா ஓடும்போதே பேட்ச் கார்டைப் பிடுங்கலாமா?

பிடுங்கினால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் பிஓஇ பாயும்போது உருவினால் பின்னில் பொறி தட்டும், தங்கப்பூச்சில் புள்ளி விழும், அந்தப் புள்ளியில் உப்பு குடியேறும். முடிந்தால் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் பவரை நிறுத்திவிட்டு உருவுங்கள்.

ஜிகாபிட் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும் காட்டுகிறது. ஸ்விட்ச் போய்விட்டதா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஏதோ ஒரு ஜோடி சரியாகத் தொடவில்லை என்றுதான் அர்த்தம். பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள், பாதி கேஸ் அங்கேயே முடியும். இல்லையென்றால் சுவர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள், கடைசியாகத்தான் பேனலின் பின்பக்கம்.

பின்னில் பச்சை இருந்தால் துடைக்கலாமா?

பேட்ச் கார்டு என்றால் தூக்கிப் போடுங்கள். பேனல் துளை என்றால் கரண்டை நிறுத்திவிட்டு காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு புதுக் கார்டை இரண்டு மூன்று தடவை செருகி எடுங்கள். பச்சை ஆழமாக இருந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு வயரை உதிரித் துளைக்கு மாற்றிக் குத்துங்கள், நோட்டில் எழுதுங்கள். ஒரு இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். துரு வரவில்லை, எறும்பு வந்தது.

பேட்ச் கார்டுகளை எடுத்துப் பார்க்க நான் வைத்திருக்கும் நேரம் தை மாதம், மழையும் வாடையும் அடங்கிய பிறகு. கடலுக்கு மிக அருகில் உள்ள இடங்களில் பிஓஇ ஓடும் கார்டுகளைப் பார்க்காமலேயே வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன்.

எலி?

ராக்கின் அடியில் வயர் நுழையும் துளையை பிரஷ் தகடு போட்டு அடையுங்கள். சுவர் துளையில் ஃபோம் மட்டும் அடித்தால் ஒரு வாரத்தில் கடித்துவிடும், முதலில் கம்பி வலை திணித்துவிட்டு அடியுங்கள். சர்வர் ரூமில் அரிசி மூட்டை வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், வைத்திருந்ததால்தான் சொல்கிறேன்.

மாற்றிய பிறகு பழைய வயரை என்ன செய்வது?

பைப்புக்குள் விடாமல் உருவி எடுத்துவிடுங்கள். செத்த வயர் புது வயருக்கு இடைஞ்சல், அடுத்த வருஷம் வருபவர் அதை உயிருள்ள வயர் என்று நினைத்து அரை நாள் தேடுவார். சுருட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்பு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் முதலில் ஒரு இழையை இழுத்துக் கத்தியால் சுரண்டுவார். வெள்ளி நிறம் தெரிந்தால் மறுபேச்சில்லாமல் அலுமினியக் குவியல் பக்கம் தள்ளிவிடுவார். வாங்கும் நாளிலேயே அவரைக் கூட்டிப் போயிருக்கலாம்.